மழைக்கு பூட்ஸ் தேடப் போய் சோலைப் பிரித்த கதை

அலமாரியில் கிடந்த பழைய மோட்டார்சைக்கிள் பூட்ஸை மாட்டிக்கொண்டு மின்தூக்கி வரைகூடப் போயிருக்க மாட்டேன். நான் நடந்த வழியெல்லாம் தாழ்வாரத்தில் கறுப்புத் துகள். குனிந்து குதிகாலைத் தொட்டுப் பார்த்தால், ஈரம் பட்ட கருப்பட்டி மாதிரி விரலில் நசுங்கி ஒட்டிக்கொண்டது. மேல்தோல் நன்றாகத்தான் இருந்தது. ஒரு தையல்கூட விடவில்லை. ஜிப் வழுக்கிக்கொண்டு ஏறியது. தரையில் படும் ரப்பரின் வரிப்பள்ளங்கள்கூடப் பெரிதாகத் தேயவில்லை. தோலுக்கும் ரப்பருக்கும் நடுவே இருக்கும் மெத்தைதான் மொத்தமாகப் போயிருந்தது.

சிங்கப்பூரில் இது யாருக்கும் புதிதில்லை. கல்யாணத்துக்கு என்று வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கும் ஷூ மண்டப வாசலில் வாயைப் பிளக்கும். ‘மட்டமான சரக்கு’ என்று திட்டிவிட்டு வேறு வாங்குவோம். ஆனால் விலை கூடிய பூட்ஸுக்கும் இதே கதிதான். காரணம் அந்த நடு சோல் பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரை. எடை குறைவு, அதிர்ச்சியைத் தாங்கும், அச்சில் ஊற்றி வார்ப்பதும் சுலபம். அதில் பாலியெஸ்டர் வகை காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். அந்த நீர் அதன் மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். பள்ளியில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதேதான். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். நம் ஊரில் இரண்டுக்கும் விடுமுறையே கிடையாது. பாலியீத்தர் வகை இதை நன்றாகத் தாங்கும். எது எந்த வகை என்று பெட்டியின் மேல் எழுதி விற்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் ஈசூனிலிருந்து துவாஸுக்கு மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். சிலேத்தார் விரைவுச்சாலை, புக்கிட் தீமா விரைவுச்சாலை, கிராஞ்சி விரைவுச்சாலை என்று தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு. இங்கே சராசரியாக வருடத்தில் 171 நாள் மழை, மொத்தம் 2,100 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை விடாமல் தூறும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகலானால் இடியோடு கொட்டும். ஜூன் தொடங்கினால் சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் கிளம்பிவரும் புயல்மழை, சரியாக நாம் வண்டியை எடுக்கும் நேரத்துக்கு வந்து சேரும். மேம்பாலங்களுக்கு அடியில் நிலப் போக்குவரத்து ஆணையம் மோட்டார்சைக்கிளோட்டிகளுக்கென்று ஒதுங்கிடங்கள் அமைத்திருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அங்கே ஒதுங்கி, மழைக்காற்சட்டையை மாட்டி முடிப்பதற்குள் காலணி நனைந்திருக்கும். ஆகவே மழைக்கு ஒரு சோடி, வெயிலுக்கு ஒரு சோடி என்று நாள் பார்த்துப் பிரிப்பது இங்கே நடக்காது. காலையில் எதைப் போடுகிறோமோ அதுதான் இரண்டுக்கும்.

முதலில் பழையதைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தேன். எங்கள் வட்டாரக் காப்பிக்கடை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் சீன அங்கிள் பூட்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நடு சோலில் கட்டைவிரலை அழுத்தினார். விரல் உள்ளே போனது. “சுடா ஹாபிஸ்” என்றார். முடிந்துவிட்டதாம். பசை போட்டு ஒட்டினால் நிற்காதா என்று கேட்டதற்கு, உதிர்ந்த மாவைச் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்து, “இதிலே பசை எதைப் பிடிக்கும்?” என்று கேட்டார். சரியான கேள்வி. பசை பலமானதுதான், அது ஒட்டும் பரப்பே உதிர்ந்துகொண்டிருக்கும்போது எவ்வளவு பலம் இருந்து என்ன? பழையது ஒரு துளிகூட மிஞ்சாமல் போக வேண்டும், அப்புறம்தான் புது சோல்.

சுரண்டும் வேலையை வீட்டில் நானே செய்து கொடுக்கிறேன் என்று வாங்கி வந்தேன். பெயிண்ட் சுரண்டும் தகடு, கம்பி பிரஷ், முரட்டு உப்புத்தாள், இவ்வளவுதான் கருவி. குதிகால் பக்கம் பிசின் மாதிரி இழுத்தது, முன்பாதத்தில் பொடியாகவே வந்தது. கீழே பழைய செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள். தரையில் ஒட்டினால் துடைப்பது பெரும்பாடு, வீட்டில் கிடைக்கும் பேச்சு அதைவிடப் பெரும்பாடு. துகள் எல்லாம் போனதும் உள்ளே அடி அட்டையும், அதைச் சுற்றி இழுத்து ஒட்டிய தோல் விளிம்பும் தெரிந்தன. தோல் விளிம்பின் பளபளப்பு போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அங்கிள் முழு ரப்பர் சோல் ஒன்றை வெட்டி எடுத்தார். இரண்டு பக்கமும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை சும்மா விட்டுவிட்டார். அந்தக் காத்திருப்பில்தான் எல்லாம் இருக்கிறது. ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் உள்ளே கரைப்பான் மாட்டிக்கொண்டு பிடிப்பு வராது. பிறகு வெப்பக்காற்று காட்டி, ஒரே மூச்சில் வைத்து, சுத்தியலால் விளிம்பு முழுக்கத் தட்டினார். கடைசியில் கேட்டார்: சுற்றிலும் தையல் போடவா, வேண்டாமா?

நீர் புகாத பூட்ஸில் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. அதன் உள்ளே, தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே, காலுறை வடிவத்தில் ஒரு சவ்வு இருக்கிறது. தண்ணீரைத் தடுப்பது தோல் அல்ல, அந்தச் சவ்வுதான். பக்கவாட்டில் ஊசி இறங்கினால் சவ்வும் சேர்ந்து ஓட்டையாகும். தையல் போட்டால் சோல் உழைக்கும், மழை உள்ளே வரும். போடாவிட்டால் மழைக்குத் தாங்கும், இந்த ஊர் ஈரத்தில் பசை எவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்ல முடியாது. சவ்வு உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் முடிவெடுக்க எனக்கு மனமில்லை. பசை முழுதாக இறுகட்டும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டுச் சோதனை செய்தேன்.

இந்தச் சோதனையை யாரும் வீட்டில் செய்யலாம். பூட்ஸுக்குள் சமையலறைத் தாளை விரல் நுனி, வளையும் இடம், குதிகால் என்று தனித்தனியாகத் திணித்துவிட்டு வாளியில் நிறுத்துங்கள். மிதக்கும், நிரப்பிய தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை உள்ளே இறக்கினால் அடங்கிவிடும். முதலில் சோல் விளிம்பு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். அரை மணி நேரம் கழித்துத் தாளை எடுத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் விரல்கள் மடங்கும் இடம் வரை, அதுவும் சரியென்றால் கணுக்கால் வரை. இப்படிப் படிப்படியாக ஏற்றினால்தான் ஒழுகும் உயரம் தெரியும். எடுத்த எடுப்பில் முழுக்கினால் ‘ஒழுகுகிறது’ என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. பூட்ஸுக்குள் தண்ணீரை ஊற்றிப் பார்க்கும் யோசனை வேண்டவே வேண்டாம். இந்த ஊரில் அது காயவே ஒரு வாரம் ஆகும்.

வலது பூட்ஸ் தேறியது. இடது பூட்ஸில் விளிம்பு சரி, விரல் மடங்கும் இடத்துக்குத் தண்ணீர் ஏறியதும் பெருவிரல் பக்கத்துத் தாள் மட்டும் நனைந்திருந்தது. கியர் நெம்புகோல் உரசும் இடத்துக்கு நேர் கீழே. ஒவ்வொரு முறை கியர் ஏற்றும்போதும் தோல் அங்கே மடங்குகிறது, உரசுகிறது. உள்ளே சவ்வும் சேர்ந்து மடங்கிக் கடைசியில் வெடித்திருக்கிறது. சவ்வை உள்ளே போய் ஒட்ட வழியில்லை. ஆக, தையல் போடச் சொல்லிவிட்டேன். அறுபது வெள்ளி. இனி அது நீர் புகாத பூட்ஸ் இல்லை, ஆனால் நல்ல தோல் பூட்ஸ். மழை வந்தால் மேலே ரப்பர் உறை போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் புது சோடி தேடும் வேலை. கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ள நினைத்தேன். என் கால் நனைவது மழையாலா, வியர்வையாலா? வீட்டுச் சமையல் தராசில் காலுறையைப் போகும் முன் நிறுத்து, வேலையிடத்தில் கழற்றி நெகிழிப் பையில் கட்டிக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தேன். (தராசில் தட்டு வைத்துத்தான். வீட்டில் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.) மழையே இல்லாத நாளில்கூடக் காலுறை பத்து கிராமுக்கு மேல் கூடியிருந்தது. கையில் பிடித்தால் ஈரம் நன்றாகத் தெரியும். மழை நாளில் இதே ஈரத்தைப் பார்த்தால் ‘பூட்ஸ் ஒழுகுது’ என்றுதான் சொல்வோம்.

‘மூச்சு விடும் சவ்வு’ என்று விற்கிறார்களே, அது ஏன் இங்கே திணறுகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சவ்வு தானாக ஈரத்தை வெளியே தள்ளுவதில்லை. உள்ளே நீராவி அழுத்தம் கூடுதலாக, வெளியே குறைவாக இருந்தால் ஈரம் வெளியேறும், அவ்வளவுதான். காலைச் சுற்றி 33 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றின் நீராவி அழுத்தம் சுமார் 50 ஹெக்டோபாஸ்கல். ஐரோப்பாவில் 10 டிகிரிக் குளிரில் மழை பெய்தால் வெளியே ஏறக்குறைய 12. வித்தியாசம் 38. சிங்கப்பூர் மழையில் 26 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்று வைத்தால் வெளியே 32. வித்தியாசம் 18 தான். அதே சவ்வு, அதே விலை, பாதிக்கும் குறைவான வேலை. இதில் மேல்தோல் வேறு தண்ணீர் குடித்து ஊறிவிட்டால் அந்தப் பாதியும் அடைபடும். கோர்டெக்ஸ், அல்பைன்ஸ்டார்ஸின் டிரைஸ்டார், டிசிஎக்ஸின் டி-டிரை, எதுவானாலும் இந்த இயற்பியலிலிருந்து தப்ப முடியாது. நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுத்துச் சவ்வின் பெயரை வாங்குவதைவிட அந்தப் பணத்தை சோலில் போடுவது மேல் என்ற முடிவுக்கு நான் வந்தது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான்.

வேலையிடத்தில் ஒரு அண்ணன் ஜோகூர் பாருவிலிருந்து தினமும் கப்சாயில், அதாவது சின்ன மோட்டார்சைக்கிளில், எல்லை தாண்டி வருகிறார். அவர் காலில் கம்போங் அடிடாஸ். ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்கள் போடும் கறுப்பு ரப்பர் ஷூ. மலேசியாவில் காடு மலை ஏறுபவர்களும் அதைத்தான் மாட்டுகிறார்கள். என் வாளிச் சோதனையைக் கேட்டுச் சிரித்தார். “தம்பி, நீ கால் நனையக் கூடாதுன்னு பாக்கிற. நான் நனைஞ்சா சீக்கிரம் காயணும்னு பாக்கிறேன். கழட்டி உதறினா முடிஞ்சது.” அவர் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டேன். மறு பாதியை எடுக்க முடியாது. அந்த ஷூவில் கணுக்கால் முழுக்க வெளியே. வண்டி சாய்ந்து கால் அடியில் மாட்டினால் உதவ அதில் ஒன்றுமில்லை.

வேலைக்குக் கொடுக்கும் பாதுகாப்பு பூட்ஸையே ஓட்டவும் போட்டால் என்ன என்று பலர் கேட்பார்கள். செருப்புக்கு அது எவ்வளவோ தேவலை. ஆனால் அதன் சோதனைகள் வேறு. மேலிருந்து கனமான பொருள் விரலில் விழுவதைக் கணக்கில் வைத்துச் செய்தது அது. தாரில் உரசுவதற்கோ, பக்கவாட்டில் பாதம் நசுங்குவதற்கோ அல்ல. எஸ்3 என்ற தரக் குறி போட்டிருந்தால் நீர் புகாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மேல்பகுதி சீக்கிரம் நீரை உறிஞ்சாது என்பதற்கான குறி. முழு ஷூவும் நீரைத் தடுக்கும் என்றால் டபிள்யூஆர் போன்ற தனிக் குறி இருக்க வேண்டும். இன்னொன்று, இரும்புத் தொப்பி வைத்த முன்பக்கம் கியர் நெம்புகோலுக்கு அடியில் நுழையத் திணறும். நான் பாதுகாப்பு பூட்ஸை பின்பெட்டியில் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்கிறேன்.

உபியிலும் காக்கி புக்கிட்டிலும் கடைகள் ஏறி இறங்கினேன். ஒரு கடைத் தம்பி, “ப்ரோ, இதைப் போட்டுக் கடலில் இறங்கினாலும் நனையாது” என்றான். நாக்குப் பகுதியைப் புரட்டி உள்ளே இருக்கும் சின்னத் துணிச் சீட்டைப் பார்க்க ஆரம்பித்ததும் பேச்சு குறைந்துவிட்டது. மோட்டார்சைக்கிளோட்டி படமும் ஈஎன் 13634 என்ற ஐரோப்பியத் தர எண்ணும் அதில் இருக்க வேண்டும். கூடவே நான்கு இலக்கங்கள், ஒவ்வொன்றும் 1 அல்லது 2. முதலாவது உயரம், அடுத்தது உரசலைத் தாங்கும் திறன், மூன்றாவது வெட்டைத் தாங்குவது, நான்காவது பக்கவாட்டில் நசுக்கினால் சோல் காட்டும் விறைப்பு. 2 உயர்ந்த நிலை. நான் கடைசி இலக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். வண்டி சாய்ந்து பாதத்தின் மேல் விழும்போது அந்த விறைப்புதான் காப்பாற்றும். பிறகு எழுத்துகள்: டபிள்யூஆர் என்றால் நீர்த் தடுப்புச் சோதனை செய்தது, ஐபிஏ என்றால் கணுக்கால் காப்பு, எஃப்ஓ என்றால் எண்ணெய்க்கும் எரிபொருளுக்கும் தாங்கும் சோல். கடைக்காரர் எவ்வளவு பேசினாலும் டபிள்யூஆர் இல்லையென்றால் அது சீட்டில் இல்லாத வாக்குறுதி.

சோலைப் பார்ப்பதற்குத்தான் கூடுதல் நேரம் எடுத்தேன். விப்ரம் என்ற சோல் நிறுவனத்தின் முத்திரையைப் பார்த்ததும் ரப்பர் என்று நிம்மதி அடைவது பாதி உண்மைதான். முத்திரை தரையில் படும் அடுக்குக்கு. அதற்கு மேலே மெத்தையாக பாலியூரித்தேன் இருந்தால் என் பழைய பூட்ஸ் போன அதே வழியில் இதுவும் போகும். பக்கவாட்டில் இரண்டு நிறமாக, அளவுக்கு மீறி லேசாக, நுரை மாதிரி அமுங்கினால் எனக்குச் சந்தேகம் வரும். ஈவிஏ என்ற இன்னொரு வகை நுரை என்றால் பரவாயில்லை. அது அமுங்கித் தட்டையாகுமே தவிர இப்படி உதிராது. இன்னொரு விஷயம், தயாரித்த தேதி. பல சோடிகளில் மாதமும் ஆண்டும் சீட்டிலோ உள்ளேயோ இருக்கும். பாலியூரித்தேனின் ஆயுள் நாம் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, வார்த்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. கடையின் பின்னறையில் நாலைந்து வருடம் இருந்துவிட்டுப் பாதி விலைக்கு வரும் பூட்ஸ் இந்தக் கணக்கில் மலிவே இல்லை. அப்படி ஒன்று என் அளவுக்குக் கச்சிதமாகக் கிடைத்தது. தேதியைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

எடுத்தது முழுத் தோல், கெண்டைக்கால் பாதி உயரம், ரப்பர் சோல், சோலுக்கும் மேல்தோலுக்கும் நடுவே வெல்ட் பட்டை வைத்துத் தைத்தது. தையல் அந்தப் பட்டையில் ஓடுவதால் நாளைக்கு சோல் தேய்ந்தால் சவ்வைத் தொடாமல் பிரித்து மாற்றலாம். அங்கிளிடம் காட்டியபோது விளிம்பைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார், அதுவே எனக்குப் போதும். எடை கொஞ்சம் கூடுதல்தான். ஜிப்புக்குப் பின்னால் மடிப்புத் தோல் எவ்வளவு உயரம் தைத்திருக்கிறது என்றும் பாருங்கள். நீர்த் தடுப்பு அந்த மடிப்பு முடியும் இடம் வரைதான். பூட்ஸ் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அதற்கு மேலே கணக்கில் வராது. மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள், காலையைவிடக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

முதல் பெருமழையில் கால் நனைந்தது. வீட்டுக்கு வந்து வாளியில் வைத்தேன். சொட்டுகூட உள்ளே போகவில்லை. காரணம் ஜீன்ஸ். பூட்ஸுக்குள் சொருகிய பருத்தித் துணி தொடையில் விழுந்த தண்ணீரைத் திரி மாதிரி உறிஞ்சி நேராக உள்ளே இறக்கிவிடுகிறது. நீர் புகாத பூட்ஸுக்கு உள்ளே போன தண்ணீர் வெளியேயும் வராது. மழைக்காற்சட்டை பூட்ஸுக்கு வெளியே, கணுக்காலில் வெல்க்ரோ இறுக்கி இருக்க வேண்டும். அப்படிப் போட்டதும் காலுறையின் எடை வெயில் நாள் அளவுக்கே வந்துவிட்டது. மிச்சம் இருப்பது என் வியர்வை. அதற்கு மெரினோ கம்பளி கலந்த மெல்லிய காலுறை பருத்தியைவிட எவ்வளவோ தேவலை.

காயவைப்பதில் அண்ணன் சொன்னதைத்தான் கடைப்பிடிக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் உள் அட்டையை உருவி வெளியே வைப்பது, ஜிப்பை முழுக்கத் திறப்பது, பழைய தமிழ் முரசு பக்கங்களைக் கசக்கி விரல் நுனி வரை திணிப்பது, ஒரு மணி நேரம் கழித்து அதை எடுத்துவிட்டுக் காய்ந்த தாளாக மாற்றுவது, நிற்கும் மின்விசிறியை நேராகப் பூட்ஸின் வாய்க்குத் திருப்பிவைப்பது. முதல் தாளை அப்படியே இரவு முழுக்க விட்டால் அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். வெயிலில் வைத்தால் தோல் விறைக்கும். முடி உலர்த்தியின் சூடு பசையை இளக்கும். தாழ்வாரத்து ஷூ அலமாரியில் காற்று நன்றாகத்தான் வரும், ஆனால் சாரலும் வரும். அலமாரியை வைத்தாலும் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதும் இருக்கிறது. எனவே என்னுடையது வீட்டுக்குள், வாசலை ஒட்டி, கதவில்லாத அடுக்கில். மூடிய அலமாரியில் வைத்தால் தோலில் வெள்ளைப் பூஞ்சை படர அதிக நாள் ஆகாது. படர்ந்தால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக் காற்றாட விடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் மறுபடி வரும்.

மெழுகு எப்போதாவது, அதுவும் தையல் ஓரங்களில் மட்டும். தோல் முழுக்கப் பூசினால் தண்ணீர் நிற்கும்தான், கூடவே சவ்வின் மிச்சசொச்ச மூச்சும் நிற்கும். மற்ற இடத்துக்கு நீர் ஒட்டாத ஸ்பிரே போதும். தண்ணீர் முத்தாக உருளாமல் தோல் கறுத்தால் அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. தையல் போட்ட பழைய சோடியும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதால் ஒவ்வொன்றுக்கும் காய ஒரு முழு நாள் கிடைக்கிறது.

இப்போதைக்குப் பாக்கி இருப்பது இடது காலில் கியர் உரசும் இடம். புது பூட்ஸில் அங்கே ஒரு அடுக்குத் தோல் கூடுதலாக வைத்திருக்கிறார்கள், ஆனாலும் அதற்குள் பளபளக்க ஆரம்பித்திருக்கிறது. அங்கிளிடம் மெல்லிய ரப்பர் துண்டு ஒன்றை வெட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். தையல் வேண்டாம், பசை மட்டும் போதும் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன்.